பெட்ரோல் சஞ்சீவியும் பதினெட்டு மைலும்

17 ஜனவரி 1942, சனி

எட்டாம் கிளாஸ் அல்ஜீப்ராத் தாள் நாற்பத்தொன்று திருத்தினேன். 'x என்பது எத்தனை மாம்பழம்?' என்ற கேள்விக்கு ஒருத்தி 'இது மாம்பழக் காலம் இல்லை' என்று எழுதியிருக்கிறாள். அரை மார்க் போட்டேன்.

நாளைக்கு என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். கரமனையிலிருந்து. பையன் பெயர் சுந்தரராமன், மின்சார இலாகாவில் ஓவர்ஸியர், சொந்தமாக மோட்டார் கார் இருக்கிறது. அப்பா இதை மூன்று தடவை சொல்லிவிட்டார். மூன்று தடவையும் காரைத்தான் அழுத்திச் சொன்னார். அம்மா சொஜ்ஜிக்கு ரவை சலித்துக்கொண்டிருக்கிறாள்.

18 ஜனவரி, ஞாயிறு

காருக்கு முன்னால் ஹாரன் வந்தது! கோட்டை வாசலில் ஆரம்பித்த சத்தம் எங்கள் தெருக்கோடி வரைக்கும் நிற்கவே இல்லை. ஹாரன் மாட்டிக்கொண்டுவிட்டதாம். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அவர் இறங்கினார், மூடியைத் தூக்கினார், எதையோ பிடித்து இழுத்தார். சத்தம் நின்றது. கரியான கையைப் புது வேஷ்டியில் துடைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்துக் கும்பிட்டு, "மன்னிக்கணும், இதுக்கு வாய் ஜாஸ்தி" என்றார்.

நான் சமையலறை ஜன்னலில் நின்று சிரித்ததில் அம்மா என் தொடையில் கிள்ளினாள். இன்னும் சிவந்திருக்கிறது.

பாடச் சொல்லவில்லை. "என்ன பாடம் எடுக்கறேள்?" என்று மட்டும் கேட்டார். "கணக்கு" என்றேன். "அப்பாடா!" என்றார்.

19 ஜனவரி, திங்கள்

அப்பாடா என்றால் என்ன அர்த்தம்? நாள் பூரா இதே யோசனை. ஆறாம் கிளாஸில் பின்னத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டு, குழந்தைகள் தப்பு என்று சொன்ன பிறகு அவர்களையே கோபித்துக்கொண்டேன்.

1 பிப்ரவரி, ஞாயிறு

நிச்சயதார்த்தம் ஆயிற்று. வைகாசியில் முகூர்த்தம். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் அப்பா காரைப் பற்றிக் கேட்டு மறித்துவிட்டார். போனக்காடு எஸ்டேட் துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன பழைய வண்டியாம். அதற்கு 'கறுப்பி' என்று பெயர் வைத்திருக்கிறார். பெயர் வைக்கிற மனுஷர்!

எலிசாளிடம் சொன்னேன். எனக்குப் பக்கத்து கிளாஸ், நெய்யூர்க்காரி, பூகோளம் எடுக்கிறவள். "டீச்சரே, உங்க கால் தரையிலே முட்டவே இல்ல பாத்துக்கிடுங்க" என்றாள். குனிந்து பார்த்தேன். பார்த்தேனே, அதைச் சொல்ல வேண்டும்!

9 பிப்ரவரி, திங்கள்

அப்பா உத்தியோகம் பார்க்கிற கச்சேரியிலிருந்து ஓடி வந்தார். நடந்து அல்ல, ஓடி. "விஜயம், யுத்தத்தை ஜெயிச்சாச்சுடீ!" என்றார். நான் சிங்கப்பூரைப் பற்றித்தான் ஏதோ நல்ல சேதி என்று நினைத்தேன். இல்லை. பெட்ரோல் சஞ்சீவி!

பித்தளைக் குழாய், உள்ளே ஒரு குட்டி விசிறி. எஞ்ஜினுக்குப் பெட்ரோல் ஆவி போகிற வழியில் மாட்டினால், அது சுழன்று சுழன்று ஆவியைக் கடைந்து கொடுக்குமாம். ஒரு காலனில் பாதி தூரம் கூடுதலாகப் போகலாமாம். கூப்பனுக்குக் கிடைக்கிற பெட்ரோலில் கரமனையிலிருந்து கோட்டைக்கு வந்து போகவே திண்டாட்டமாக இருக்கிறதே, இனிமேல் மாப்பிள்ளை கன்னியாகுமரிக்கே போகலாம் என்கிறார் அப்பா. கொண்டுவந்தவர் அழகியநம்பி என்று திருநெல்வேலிக்காரர். மாப்பிள்ளை ஏற்கனவே அவரைப் பார்த்துப் பேசி, முழுக்க நம்பிவிட்டாராம்.

நம்பிவிட்டாராம்.

எங்கள் வீட்டில் இந்த வார்த்தைக்குச் சரித்திரம் உண்டு. முடி முளைக்கிற தைலம் (அப்பாவின் தலை இப்போதும் செப்புக்குடம்). வாதத்துக்கு மின்சார பெல்ட். எலியை விரட்டுகிற சங்கீதத் தகடு, அதன் மேலேயே எலி குட்டி போட்டது. அம்மா எல்லாவற்றையும் பரணில் அடுக்கி வைத்திருக்கிறாள். "நான் உங்கப்பாவை நம்பினேன். அவர் லோகத்திலே பாக்கி எல்லாரையும் நம்பினார்" என்று ஒரு நாள் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும்.

15 பிப்ரவரி, ஞாயிறு

அழகியநம்பியை இன்று நேரில் பார்த்தேன். ஜரிகைத் தலைப்பாகை, நல்ல சிரிப்பு, நாக்கில் மட்டும் ழ கிடையாது. "தாயே, மளை வர்ற மாதிரி இருக்கு, ரெண்டு வாளைப்பளம் இருந்தாக் குடுங்க" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

கறுப்பியை ஓட்டிப் பழுது பார்க்கிற தாசையன் கூட வந்திருந்தான். நெய்யாற்றின்கரை ஆள், பாதித் தமிழ் பாதி மலையாளம். அவனுக்கும் நம்பிக்கும் முதல் நாள் பெரிய தகராறாம். அவர் 'வளி' கேட்டாராம், இவன் காற்றா என்று திருப்பிக் கேட்டானாம். "இப்ப எனக்குப் பிடி கிட்டிப் போச்சு சாமி. இந்தச் சாரு ள-ன்னு பறஞ்சா நம்ம ழ-ன்னு எடுத்துக்கணும். அத்ரேயுள்ளு, அவ்வளவுதான்" என்று அப்பாவுக்கு விளக்கினான்.

22 பிப்ரவரி, ஞாயிறு

இன்று பேசினேன்! அவரோடு! ஏழு நிமிஷம்!

சஞ்சீவியை அப்பாவிடம் காட்டக் கொண்டுவந்தார். அப்பா மூக்குக் கண்ணாடி தேட உள்ளே போனார் (நெற்றியில் இருந்தது, நான் சொல்லவில்லை). அவர் குழாயை என்னிடம் நீட்டினார். உள்ளே தகர விசிறி, ஊதினால் சுழல்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. "இந்த விசிறி சுத்தறதுக்குப் பலம் எங்கேருந்து வரது?" என்று கேட்டேன்.

"எஞ்ஜின் இழுக்கிற காத்திலேருந்து."

"எஞ்ஜினுக்கு அந்தப் பலம்?"

"பெட்ரோல்லேருந்து."

"அப்போ இது பெட்ரோலைச் சாப்பிடறதா, மிச்சம் பிடிக்கிறதா?"

அவர் காதைச் சொறிந்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "அதைத்தான் யோசிக்கணும்" என்றார். அதோடு நான் விட்டிருக்கலாம். வாய் நிற்கவில்லை. சஞ்சீவி இல்லாமல் கறுப்பி ஒரு காலனுக்கு எத்தனை மைல் போகும் என்று கேட்டேன். அவர், அதற்குள் திரும்பி வந்திருந்த அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். யாருக்கும் தெரியாது! ஒருத்தரும் அளந்ததே இல்லை! எதில் பாதி கூடுதல் என்று தெரியாமலே ஊரெல்லாம் பாதி கூடுதல் என்று கொண்டாட்டம்.

"அளந்துடறேன்" என்றார். எவ்வளவு சீக்கிரம் சொன்னார்!

1 மார்ச், ஞாயிறு

அளந்துவிட்டார். டாங்கை வடித்துவிட்டு ஒரே ஒரு காலன் ஊற்றி, சஞ்சீவியைக் கழற்றி வைத்து, வித்துரா ரோட்டில் விட்டிருக்கிறார். மைல் காட்டும் கருவி செத்து நாலு வருஷம். மைல்கல்லை எண்ணிக்கொண்டே போயிருக்கிறார். நெடுமங்காடு தாண்டிப் பதினெட்டாவது கல்லில் வண்டி நின்றுவிட்டது. கூப்பனில் மிச்சமிருந்த பெட்ரோலும் வண்டியைத் திருப்பிக் கொண்டுவரத் தீர்ந்தது. இனிக் கூப்பன் வரும்வரை ஆபீஸுக்கு நடைதான். என் ஒரு கேள்விக்காக!

துண்டுக் காகிதத்தில் 'பதினெட்டு மைல்' என்று எழுதி, அப்பாவின் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறார். ஒரு கல்யாணப் பெண்ணுக்கு வருகிற முதல் கடிதம் இப்படி இருக்கலாமா? பத்துத் தடவை படித்தேன். இருக்கலாம்.

5 மார்ச், வியாழன்

சிரிப்பெல்லாம் போயிற்று.

திருவிதாங்கூர் முழுதுக்கும் சஞ்சீவி ஏஜென்ஸியை அவருக்கே தருவதாக நம்பி சொல்லியிருக்கிறார். அவரும் உத்தியோகத்தை விட முடிவு பண்ணிவிட்டார். ராஜினாமாக் கடிதம் எழுதிச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை நம்பி முன்னிலையில் பரீட்சை, பெட்ரோலும் அவரே தருகிறாராம். பாதி கூடுதல் என்றால் இருபத்தேழு மைல் ஆக வேண்டும், அவ்வளவுகூட வேண்டாமாம். ஒரே காலனில் கறுப்பி இருபத்து மூன்று மைல் தாண்டி வித்துரா போய்ச் சேர்ந்துவிட்டால், திங்கட்கிழமை கடிதம் ஆபீஸுக்குப் போகும். அப்பா குதிக்கிறார்.

நான் என்ன பண்ண? உத்தியோகம் போனால் போகட்டும், நான் சம்பாதிக்கிறேன். அது இல்லை. கேட்டதும் நம்பிவிடுகிற ஒரு மனுஷரோடு ஆயுசு பூரா எப்படி இருப்பது? வருஷம் ஒரு சஞ்சீவி வரும். நான் பரண் அடுக்குவேன். அம்மா மாதிரி சிரித்துக்கொண்டே அடுக்க எனக்கு வராது. எனக்குத் தெரியும், வராது.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன் — அந்தக் கடிதம் போனால் கல்யாணம் வேண்டாம்னு. அடுப்பிலிருந்த பாலை இறக்கக்கூட மறந்துபோய் என்னைப் பார்த்தாள். "அவனைப் பிடிச்சிருக்கோல்லியோடீ?"

பிடிச்சிருக்கு. அதுதானே கஷ்டம்!

7 மார்ச், சனி

பரீட்சைக்கு நான்தான் கணக்கு! அவரே கேட்டாராம், "மைல்கல் எண்ண அவா வரணும்" என்று. ஊர் என்ன சொல்லும் என்று அம்மா ஆரம்பித்தாள். "கணக்கு டீச்சர் கணக்குப் பண்ணப் போறாள், ஊர் என்ன சொல்றது?" என்றார் அப்பா. துணைக்கு எலிசாள். முறுக்கு கொண்டுவருகிறாளாம்.

8 மார்ச், ஞாயிறு

எழுத்தெல்லாம் கோணல். பயத்தில் இல்லை, சிரித்துச் சிரித்து. முதலிலிருந்து ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை ஏழு மணிக்கு எல்லாருக்கும் முன்னால் டாங்கை வடித்து, ஒரு காலன் அளந்து ஊற்றி, சஞ்சீவியை மாட்டினார்கள். முன் ஸீட்டில் தாசையன், நடுவில் அவர், ஓரத்தில் நம்பி. பின்னால் அப்பா, எலிசாள், நான், முறுக்கு டப்பா. பேரூர்க்கடை வரைக்கும் நம்பி வாய் மூடவில்லை. சஞ்சீவியின் சத்தம் கேட்கிறதா என்றார். அப்பாவுக்குக் கேட்டது. எலிசாளுக்கும் கேட்டது. எனக்குக் கேட்டது முறுக்குச் சத்தம்தான்.

நெடுமங்காட்டில் பதினோராவது கல். "எஞ்ஜின் கொஞ்சம் ஆறட்டும், எல்லாரும் காப்பி குடிச்சிட்டு வாங்க" என்றார் நம்பி. அப்பாவும் அவரும் ஹோட்டலுக்குப் போனார்கள். "நீங்க ரெண்டு பேரும் எறங்கிக் காலாற நடங்க தாயே" என்றார் எங்களிடம். நான் மாட்டேன் என்றேன். கணக்குக்காரி வண்டியை விட்டு இறங்குவாளா! எலிசாள் மடியில் முறுக்கு டப்பா, அவளும் அசையவில்லை. நம்பி தலைப்பாகையைக் கழற்றினார், மாட்டினார், வானத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அதற்குள் அப்பாவும் அவரும் எங்களுக்குக் காப்பி வாங்கிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் நம்பி தன் ஸீட்டுக்கடியில் பார்த்தார். நானும் பார்த்தேன். வழியில் தூக்கிப் போட்டதில் ஒரு சாக்கு விலகி, தகர டின் ஒன்று பாதி வெளியே வந்திருந்தது. நம்பி முகம் வெளிறிப்போய், தாசையன் காதருகே குனிந்து அவசரமாகச் சொன்னார்:

"யப்பா, அவங்க வர்றதுக்கு முன்னால அந்த டின்னை ஒளிச்சிடு."

பாவம், ஜன்மத்தில் அவர் சரியாக உச்சரித்த ள அது ஒன்றுதான்!

ஆனால் தாசையன் கணக்கில் நம்பியின் ள எல்லாமே ழ. எங்கள் ஊரில் ஒழி என்றால் ஊற்று. மோர் ஒழிப்போம், எண்ணெய் ஒழிப்போம், காப்பி ஒழிப்போம். கும்பகோணத்திலிருந்து வந்த அத்தையிடம் "காப்பி ஒழிக்கட்டுமா?" என்று கேட்டதற்கு நாங்கள் காப்பியையே விட்டுவிடப் போகிறோம் என்று அவள் பதறிப்போனாள்.

"ஓ, ஒழிச்சேக்காம் சாரே!" என்றான் தாசையன், ஊருக்கே கேட்கிறமாதிரி. டின்னை எடுத்தான். டாங்க் மூடியைத் திறந்தான். ஊற்றினான்.

குடக் குடக் குடக்.

அப்பா இரண்டு டம்ளரோடு அப்படியே நின்றார். அவரும் நின்றார். நம்பியின் வாய் திறந்தது, மூடவில்லை. பெட்ரோல் வாசனை முகத்தில் அடித்தது. எனக்கு மட்டும் குரல் வந்தது. "தாசையா, என்ன ஒழிக்கறே?"

"பெட்ரோல் அம்மா. சாரு ஒழிக்கச் சொன்னாரு. நல்ல பெட்ரோலாக்கும்!"

எலிசாள் முறுக்கு டப்பாவை மடியிலிருந்து தவறவிட்டாள்.

நம்பி ஓடவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தாயே, ஊத்துறதுக்கு ஒளின்னும் ஒளிக்கிறதுக்கு ஒளின்னும் ஊரே பேசினா நாங்க எப்படிப் பொளைக்கிறது?" என்றார். பிறகு அந்த ஹோட்டலிலேயே இரண்டு வடை சாப்பிட்டுவிட்டு வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். சஞ்சீவி எஞ்ஜினிலேயே இருக்கிறது. கேட்கவும் இல்லை.

நான் சிரிக்கவில்லை, அப்போது. அவர் முகத்தைப் பார்த்தேன். வெறிச்சென்று இருந்தது. ஐயோ, மனுஷருக்கு எல்லார் முன்னாலும் அவமானம், நான் வேறு குறிப்புப் புஸ்தகமும் பென்சிலுமாக எதிரே உட்கார்ந்திருக்கிறேன். இனி என் மூஞ்சியைப் பார்ப்பாரா? ஜெயித்தது நான்தான். ஜெயித்து என்ன பண்ண? வண்டியைத் திருப்பச் சொன்னார். திரும்பி வரும்போது பின் ஸீட்டில் எல்லாரும் காலடியில் சிந்திய முறுக்கைப் பொறுக்கிக்கொண்டு வந்தோம். அப்பாகூட.

பேரூர்க்கடை இறக்கத்தில் முன் ஸீட்டிலிருந்து ஏதோ சத்தம். அழுகிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். தோள் குலுங்குகிறது. "ஒழிச்சுட்டான்" என்றார். "ஒளிடான்னா — ஒழிச்சுட்டான்!" அவ்வளவுதான். வண்டியே குலுங்கிற்று. தாசையன் ஓட்ட முடியாமல் ஓரமாக நிறுத்தினான். அப்பா கண்ணில் தண்ணீர். எலிசாள் என் தோளைக் கடித்தாள். நான் எப்படிச் சிரித்தேன் என்று எனக்கே தெரியாது, விலா இன்னும் வலிக்கிறது.

சிரித்து முடித்து அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். ராஜினாமா. தாசையனிடம் நீட்டி, "கையெல்லாம் பெட்ரோலா இருக்கு பாரு, துடைச்சுக்கோ" என்றார். அவன் நன்றாகத் துடைத்துக்கொண்டான்.

பிறகு அப்பா பக்கம் திரும்பி, ரொம்ப மெதுவாக, "மாமா, உங்க பொண்ணுகிட்ட இன்னொரு தரம் கேட்டுடுங்கோ. அன்னிக்கு அவா சம்மதிச்சது ஒரு கெட்டிக்காரனுக்கு. இன்னிக்குத்தானே என்னைப் பார்த்திருக்கா" என்றார்.

அப்பா "இதென்ன கேள்வி" என்று ஆரம்பித்தார். நான் அவரை முடிக்க விடவில்லை. "ஆட்சேபணை இல்லை" என்றேன். கோர்ட்டு மாதிரி! வேறு ஒன்றும் வாயில் வரவில்லை!

"அப்பாடா" என்றார்.

9 மார்ச், திங்கள்

அவர் ஆபீஸுக்கு நடந்தே போனாராம், கடிதம் இல்லாமல். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாம் முறை சொல்லச் சொன்னாள். சாயங்காலம் மூன்றாம் முறை. "சந்தேகப்பட்டவளைக் கோச்சுக்காத ஆம்பிளை. அது போறும்டீ" என்றாள்.

24 மே, ஞாயிறு

கல்யாணம். ஹாரன் மறுபடியும் மாட்டிக்கொண்டது. நாதஸ்வரக்காரர் சுருதி சேர்த்துக்கொண்டார்.

19 ஜூலை, ஞாயிறு. கரமனை

ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தார், கையில் காகிதப் பொட்டலம். சாப்பிட்டு முடிக்கும்வரை அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பிறகு என் மேஜைமேல் வைத்துவிட்டுத் தூரப் போய் நின்றார்.

பிரித்தேன். காந்தம்! பெட்ரோல் குழாயில் கட்டினால் பெட்ரோல் வரிசையில் நின்று ஒழுங்காக எரியுமாம்.

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். "நான் நம்பலை" என்றார் அவசரமாக. "நம்பாம இருக்கவும் முடியலை. இன்னும் மாட்டலை விஜயம், நீ பாரு." பொட்டலத்தோடு ஒரு தாள். அவர் கையெழுத்தில் இரண்டு கட்டம் போட்டிருந்தார். 'காந்தம் இல்லாமல்' என்ற கட்டத்தில் அவரே பதினெட்டு என்று எழுதியிருந்தார். 'காந்தத்தோடு' என்ற கட்டம் காலி.

2 ஆகஸ்ட், ஞாயிறு

அதே வித்துரா ரோடு, அதே ஒரு காலன், காந்தம் கட்டி. நாங்கள் இரண்டு பேர் மட்டும். வண்டியைத் திருப்பிக் கொண்டுவரப் பெட்ரோலோடு தாசையன் அடுத்த பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு.

பதினாறாவது கல்லை அவர் உரக்க எண்ணினார். பதினேழு தாண்டியதும் ஸீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு யாரோ "போ, போ, போ" என்று முணுமுணுக்கிற சத்தம் கேட்டது. நான்! சந்தேகமே பிறவியான நான்! ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு பொட்டலம், அவருக்காக வேலை செய்துவிடக்கூடாதா என்று அப்படி ஆசையாக இருந்தது.

பதினெட்டாவது கல் வந்தது. தாண்டினோம். இரண்டு தென்னைமரத் தூரம் போய் எஞ்ஜின் இருமிற்று, நின்றது.

"தாண்டிடுத்தே!" என்றார்.

"பின்காத்து" என்றேன்.

தாளை எடுத்தேன். பதினெட்டேகால் என்று எழுதக் கை துடித்தது. நிஜமாகவே துடித்தது. அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், என் பக்கம் திரும்பவில்லை. பதினெட்டு என்று எழுதினேன்.

அவர் எட்டிப் பார்த்தார். பென்சிலை வாங்கினார். அதற்குக் கீழே 'சரி' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, "வா, தாசையன் வர வரைக்கும் தள்ளுவோம்" என்று இறங்கினார். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன்.